பதினோராவது ஆள்

காலை ஐந்தே கால். சாட்ஸ்வர்த்தில் ஜூலைக் குளிர்.
ஹடீடாப் பறவைகள் கூரை கூரையாய்
யாரையோ திட்டிக்கொண்டு போகின்றன.
அஞ்சலக வாசலில் நான்
அருணாசலம் படையாச்சி.
வயது எழுபத்தொன்பது. இடது முழங்காலில் வலி.
நிஜத்தில் எனக்குப் பதினாறு.
கணக்குப் பரீட்சையைத் தவிர வலி ஏதும் இல்லை.

மிஸ் நாயக்கர் போட்ட விடுமுறைத் திட்டம் இது:
பென்ஷன் நாளில் முதியவர்களுக்குப் பதிலாக
பத்தாம் வகுப்பு வரிசையில் நிற்கும்.
கதவு திறந்ததும் போன் செய்தால்
வெந்நீரில் குளித்து, அவர்கள் நிதானமாய் வரலாம்.
மணிக்கணக்கை எழுதி ஒரு கையெழுத்து.
இருபது மணி சேர்ந்தால் சான்றிதழ்.

முன்பெல்லாம் இங்கே செங்கல் நிற்குமாம்,
ஒற்றைச் செருப்பு,
பெயர் எழுதிய மார்ஜரின் டப்பா.
இன்று அவற்றின் இடத்தில் நாங்கள்.
எனக்கு முன்னால் த்ரிஷாந்த்,
திருமதி மாரிமுத்துவாகக் கொட்டாவி விடுகிறான்.
வாசற்படியில் நொக்வாண்டா, கிளிசரின் புட்டியோடு.
தேய்ந்த ரேகையை இயந்திரம் படிக்காது.
ஒவ்வொரு கட்டைவிரலையும் தேய்த்துத் தேய்த்து
இவர் இவர்தான் என்று
அதை நம்பவைப்பது அவள் வேலை.

எட்டரைக்குப் போன் செய்தேன்.
முதல் மணியிலேயே எடுத்தார்.
பத்து நிமிடத்தில் வந்து நின்றார்: கோட்டு, டை,
தாடையில் சவரக் கீறல்,
அதன்மேல் ஒட்டிய காகிதத் துணுக்கு.
"இதோ உங்க இடம், அங்கிள். பதினோராவது."
பார்த்தார்.
என்னை அல்ல, வரிசையின் வாலை.
அங்கே ஊன்றுகோலோடு நின்ற திருமதி கூமெடேயை
ஜூலுவில் கூப்பிட்டார்.
நாங்கள் பள்ளியில் படிக்கும் ஜூலு இல்லை,
மார்க்கெட்டில் மீன் வாங்கும் ஜூலு.
முப்பது என்றார் இவர். பத்து என்றார் அந்த அம்மாள்.
நடுவில் யாரோ ஒரு மருமகள் வந்து போனாள்,
இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.
இருபது ராண்டுக்கு
மூன்றரை மணி நேரம் நான் உறைந்து காத்த இடம்
கைமாறியது.

எனக்குக் காது கொதித்தது.
நான் நின்ற இடத்தை விற்க நீங்கள் யார்?
கேட்கவில்லை. கேட்ட முகத்தோடு
அவர் பின்னால் நடந்தேன்,
எழுபத்து நான்காவது ஆளாக.

அவர்தான் பேசினார்:
"நாலு மணிக்கே எந்திரிச்சிட்டேன். பழக்கம்.
சவரம் பண்ணினேன். டை கட்டினேன்.
அப்புறம் சமையலறை நாற்காலியில உட்கார்ந்து
போனையே பார்த்துக்கிட்டிருந்தேன்.
மாசத்துல ஒரு நாள், பாப்பா.
அதையும் நீ நின்னுட்டே."

அதற்குமேல் என்னிடம் பேச அவருக்கு நேரமில்லை.
முன்னால் ஒருவர், பின்னால் மூவர்.
பல்செட் விலை. பெர்த்துக்குப் போன மகன்.
சனிக்கிழமை நொண்டிய குதிரை,
அதைப் பற்றி மட்டும் இருபது நிமிடம்.
நான் அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
எங்கிருந்தோ ஒரு ஆறிய சமோசா
கை மாறி, கை மாறி வந்தது.
பாதி எனக்கு.

பத்தேகாலுக்குக் காவலாளி வெளியே வந்து
இரண்டு கைகளையும் குறுக்கே அசைத்தார்.
சிஸ்டம் படுத்துவிட்டது. நாளைக்கு வாங்க.
கடைசியாகப் பணம் வாங்கிப் போனது
திருமதி கூமெடே.
"சே," என்றார் படையாச்சி,
"அம்பது கேட்டிருக்கணும்."

தாளை நீட்டினேன்.
எத்தனை மணி என்றார். ஐந்து என்றேன்.
சுவரில் வைத்து ஐந்து என்று எழுதிக் கையெழுத்திட்டார்.
அதற்கடுத்த வரியில் தன் பெயரை எழுதி
நேரே நாலரை என்று போட்டு
பேனாவை என்னிடம் கொடுத்தார்.
"நாற்காலியில உட்கார்ந்தது. நீ போடு கையெழுத்து."
போட்டேன்.
மிஸ் நாயக்கர் என்ன சொல்வாரோ.

நாளை ஐந்து மணிக்கே வந்துவிடுவாராம்.
நான் வந்தால்
அவருக்குப் பின்னால் நின்றுகொள்ளலாமாம்,
இடத்துக்குக் காசு கேட்கமாட்டாராம்.