பலகையில் இல்லாத விலை

மைனஸ் முப்பதைத் தொட்ட இரவுக்கு மறுநாள்
என் எடைமேடை முன் வரிசை நிற்கும்.
உலான்பாத்தரின் செத்த பேட்டரிகள் எல்லாம்
கிழிந்த கோட்டுகளில் சுற்றப்பட்டு வரும்.

கன்சுக் கொண்டுவந்தது பதினோரு கிலோ.
பதினைந்து இருக்க வேண்டும்.
ஆட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை.

"தண்ணீரை எங்கே ஊற்றினாய்?"
தண்ணீர் என்றுதான் இங்கே சொல்வோம்,
ஜீன்ஸில் ஒரு சொட்டு பட்டு
துவைக்கும்போது ஓட்டை தெரிகிறவரை.

"கூடாரத்துக்குப் பின்னால், வேலியோரம்.
தூக்கக் கனமாக இருந்தது."

"அங்கே யார் போவார்கள்?"

"யாருமில்லை" என்றான்.
கொஞ்சம் பொறுத்து, "நாய்" என்றான்.
பிறகு ஒரு பெயர் சொன்னான்;
நாயின் பெயராகத் தெரியவில்லை.

ஈயம் நாக்குக்கு இனிக்கும் என்பதை
நான் சொல்லவில்லை.
காலிப் பெட்டிக்குப் பாதி விலை.
எண்ணிக் கொடுத்தேன், எண்ணாமல் வாங்கிப் போனான்.

கடை அடைக்கும் நேரம் திரும்பி வந்தான்.
இமைமயிரில் உறைபனி, கையில் கடப்பாரை,
முதுகில் மாவுச் சாக்கு.
அவிழ்த்தால் மண்.
பாறையாய் இறுகிய தரையில் நெருப்பு மூட்டி
இளக இளக வெட்டியிருக்கிறான்,
கட்டி கட்டியாய், கரி ஒட்டியபடி.

காலையில் கொடுத்த நோட்டுகளை
மடிப்புக் கலையாமல் மேடைமேல் வைத்தான்.
"இதை நீங்கள் எடுத்துக்கொள்ள எவ்வளவு?"

விலைப்பலகையைப் பார்த்தேன்.
பேட்டரி, செம்பு, அலுமினியம், ரேடியேட்டர்.
அதற்குக் கீழே வெறும் பலகை.

சாக்கை ஏற்றினேன். இருபத்தாறு கிலோ.
முள் ஆடி நிற்பதற்குள் அவன் வாசலில் இருந்தான்.
"இன்னொரு சாக்கு இருக்கும்.
வேலிக்கு அந்தப் பக்கமும் தோண்ட வேண்டும்,
பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்."