அட்டையில் போட்ட கணக்கு

ஐந்தில் போட்டால் நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது.
டிரேட்டன் சர்க்கரை ஆலைக்கு நாலு மைல் இருக்கையில்
இன்று மூன்றாம் தடவை.
முரண்டு பிடிக்கும் கன்றைக் காதைப் பிடித்து இழுப்பதுபோல்
லீவரைக் கையால் அழுத்திப் பிடித்தபடியே போய்க்
கிழங்கைக் கொட்டிவிட்டு வந்தேன்.

ஆயில் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு.
அது வழக்கம்தான்,
நார்த் டகோட்டாவில் ஓடும் எல்லாப் பெட்டிக்கும் உண்டு.
களிம்புக்குள் விரலை விட்டேன்:
வெட்டிய நகம்போல் ஒரு பிறை,
பளபளவென்று.
அது வழக்கமில்லை.

நோவோட்னி போனில் சொன்னான்:
ஆறாயிரத்து எண்ணூறு டாலர். பதினோரு நாள்.
"வாசலில் ஆறு வண்டி நிற்கிறது, லவான்.
உன்னை முன்னால் விட்டால்
மற்ற ஆறு பேரும் என்னைப் பிரித்துப் போடுவார்கள்."

கிழங்கு அறுவடை முடியப் பத்து நாள்.
பட்டறைக்குப் பதினொன்று.
இதற்குப் பெருக்கல் தேவையில்லை.

இருந்தும் ஃபில்டர் வந்த அட்டையைக் கிழித்து எழுதினேன்.
பேரிங் கிட் ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
ஜாக் வாடகை நாளுக்கு அறுபது.
ஆயில், கேஸ்கெட்,
அங்கே போன கையோடு கிளட்ச் பிரேக்கும்.
என் கூலி:
அந்த இடத்தில் எண்ணெய் பட்டுப் பேனா எழுதவில்லை,
நானும் வற்புறுத்தவில்லை.
உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கு மிஞ்சாது.
ஓட்டியவள் பார்த்தால் ஸ்டெப்னி மிஞ்சாது.

தங்கையின் கணவன் கெர்மிட் வந்து எட்டிப் பார்த்தான்.
"முந்நூற்றிருபது கிலோ.
நெஞ்சில் விழுந்தால் உன்னை எந்தப் பட்டறையில் விடுவது?"
நியாயமான கேள்வி.
கேட்டவன்
புல்வெட்டும் மெஷினுக்கு பிளக் மாற்ற ஆள் கூப்பிடுகிறவன்.

பாரத்துக்கு நான் பயப்படவில்லை.
பெட்டிக்குள் இரண்டு பக்கத் தண்டுகள்
நடுத்தண்டின் சக்கரங்களை இருபுறமும் கவ்வி நிற்கும்.
பெயின்ட்டால் குறி வைத்து
பல்லுக்குப் பல் பார்த்துக் கோக்க வேண்டும்.
ஒரு பல் தவறினாலும்
கல்யாணப் பந்தலில் முறைத்துக்கொண்ட சம்பந்திகள்போல்
ஒன்றும் நகராது.

ஒரே ஒரு தடவை கோத்திருக்கிறேன்.
பதினெட்டு வருஷத்துக்கு முன்னால்,
டார்ச்சைப் பிடித்துக்கொண்டு டெல் பக்கத்தில் இருந்தபோது.
டெல் இப்போது ஃபார்கோவில், வேறொருத்தியோடு.
கூப்பிட்டால் வருவான்.
அதனால்தான் கூப்பிடவில்லை.

இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது
அட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் காலி.

விடிந்ததும் நோவோட்னியிடம் சொன்னேன்:
"வண்டி வராது. பெட்டி மட்டும் பிக்கப்பில் வரும்.
மேஜையில் வைத்துப் பார்ப்பாயா?"
கொஞ்ச நேரம் பதிலில்லை.
அவனுக்குப் பின்னால் யாரோ
நட்டுகளைக் காற்றால் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.
"வாசலில்தான் நெரிசல், மேஜையில் இல்லை.
கோப்பது நான்.
கழற்றுவதும் மாட்டுவதும் நீ என்றால்,
சேருமிடத்தில் கசிந்தால் என்னைக் கூப்பிடாதே."
பிறகு, "செவ்வாய். ஏழு மணி."

ஞாயிறு முழுக்க முதுகுக்குக் கீழே
உறைபனி பிடித்த சிமெண்ட்.
டிரைவ் ஷாஃப்ட் இறங்கியது,
ஏர் குழாய்களுக்கு நிறநிறமாய் டேப் சுற்றினேன்,
போல்ட்டுகளைக் காபி டின்னில் எண்ணிப் போட்டேன்.
ஒன்பதாவது தலை முறிந்து வந்தது.
என்னை நானே வைதேன்,
கேட்கிற தூரத்தில் கெர்மிட் மட்டும்தான்,
ஞாயிறு உடுப்போடு ஜாக்கின் கைப்பிடியைப் பிடித்தபடி.
அவன் வந்ததை நான் கவனிக்கவில்லை.
"மெல்ல இறக்கு" என்றேன். மெல்லத்தான் இறக்கினான்.

அட்டையில் ஒரு வரி சேர்ந்தது:
முறிந்த போல்ட், பக்கத்தில் கேள்விக்குறி.

செவ்வாய், கிராஃப்டன் சாலை.
பின்பக்கம் தாழ்ந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு
ஓடியது பிக்கப்.
எதிரே கிழங்கு லாரிகள், ஒன்றன்பின் ஒன்றாக,
தெரிந்தவர்கள் கை காட்டினார்கள்.
பதிலுக்குக் காட்ட
என் வலது கைக்கு நேரமில்லை.
பிக்கப் ஆட்டோமேட்டிக்தான்.
இருந்தும் வழி நெடுக
இல்லாத ஐந்தாம் கியரை
அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது அது.