வாடகையில் சேராத வெளிச்சம்

துறைமுகத்தில் என் கிரேன் கூண்டு
நாற்பது மீட்டர் உயரத்தில்.
தரையும் கண்ணாடி.
இரவு ஷிஃப்ட் முடியும் நேரம்
ஜெனோவாவின் முதல் வெயில்
என் பூட்ஸுக்கு அடியில்தான் விழும்;
கேட்காமல், அளவில்லாமல்,
கண் கூசக் கூச.

இறங்கி வந்து
மூன்றாம் மாடிக் கதவைத் திறந்தால்
பகல் என்று ஒன்று புறப்பட்டதற்கே
அடையாளம் இல்லை.
எங்கள் சந்தில் இருவர் எதிரெதிரே வந்தால்
ஒருவர் தோளைச் சாய்க்க வேண்டும்.
சூரியன் யாருக்கும் தோள் சாய்ப்பதில்லை.

"விளக்கு வாங்கிக்கொள், டெல்ஃபினா,
பகலைப் போலவே எரிவது வந்திருக்கிறது"
என்றார் வீட்டுக்காரர் பரோடி.
பகலைப் போல.
இருபது டன்னை அந்தரத்தில் பிடித்திருப்பவளிடம்
'போல' என்கிறார்.

செப்டம்பரில் அளக்கத் தொடங்கினேன்.
தரை கறுப்பு ஸ்லேட். சாக்பீஸ் நன்றாகப் பிடித்தது.
ஒன்று பத்துக்கு ஜன்னலோரம் ஒரு கோடு,
ஒன்று இருபத்தொன்றுக்கு இன்னொன்று.
பதினோரு நிமிடம்.
இருப்பதே அவ்வளவு. அதற்குள் குடித்தனம்.

முதலில் அலமாரியை நகர்த்தினேன்.
எனக்கு முன்னிருந்தவர் அதைப்
பாதி ஜன்னலை மறைத்துப் போட்டிருந்தார்,
இருட்டு திருட்டுப் போகும் என்று பயந்தாரோ என்னவோ.
சுவரின் தடிமன் ஒரு முழம்;
ஜன்னலைச் சுற்றி அந்தத் தடிமனுக்கு மட்டும்
வெள்ளை அடித்தேன்.
வெளிச்சம் அங்கே ஒரு தரம் மோதி,
கோபம் தணிந்து உள்ளே வந்தது.
சமையலறைக் கதவின் மரத்தை அறுத்துக்
கண்ணாடி பொருத்தினேன்.
செகண்ட் ஹேண்ட் வெளிச்சம்தான்,
வெங்காயம் நறுக்கப் போதும்.
ஆளுயர நிலைக்கண்ணாடியும் வைத்துப் பார்த்தேன்.
போலீஸ்காரன் டார்ச் அடித்த மாதிரி
முகத்தில் விழுந்தது.
திருப்பிக் கொடுத்துவிட்டேன்.
மேசையை எங்கே போடுவது என்பதில்
நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

அக்டோபரில் கோடுகள் நெருங்கின.
ஒன்பது நிமிடம்.
நான்கு.
நவம்பரில் ஒரு நாள் நூலாகி
நூலும் அறுந்தது.
குறித்து வைக்க ஒன்றுமில்லை.
சாக்பீஸைக் காபிக் கோப்பைக்குள் போட்டேன்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை
மதியம் தூங்கி எழுந்தால்
அறை முழுக்கப் பால்.
தரையில் சதுரம் இல்லை, ஓரம் இல்லை,
எங்கிருந்து என்றே தெரியாமல் எங்கும்.
நாற்காலியின் பின்கால் தெரிந்தது.
கட்டிலடித் தூசி தெரிந்தது.
என் கையின் பழைய தழும்பு
இத்தனை நீளமா?

தலையை வெளியே நீட்டி அண்ணாந்தேன்.
எதிர்க்கட்டடத்தின் ஆறாம் மாடியில் நார்சிசா,
ஈக்வடார்காரி, விடுதிக்குத் துணி வெளுப்பவள்,
ரொட்டிக்கடை வரிசையில் தலையாட்டிக்கொள்ளும் அளவு பழக்கம்.
ஏழு படுக்கை விரிப்புகளைக் கொடியில் போட்டிருந்தாள்.
அவள் வெயில்
அவற்றில் பட்டு
என் வீட்டுக்கு இறங்கியிருந்தது.

வெளிச்சுவருக்கு வெள்ளையடிக்க
நகராட்சி விடாது.
துணிக்கு என்ன சட்டம்?

வியாழக்கிழமை அவள் மகனின் கறுப்புக் கம்பளி.
அறை அணைந்தது.

ரொட்டிக்கடையில் கேட்டேவிட்டேன்.
ஏற இறங்கப் பார்த்தாள்.
"காய்ந்தால் எடுத்துவிடுவேன்.
உனக்காக ஈரமாகவே வைத்திருக்கவா?"
"கொடியைக் கொஞ்சம் வெளியே தள்ளினால் போதும்."

ஞாயிறன்று இரண்டு கப்பியும் கம்பியுமாக
அவளுடைய ஆறு மாடி ஏறினேன்.
இந்த ஒரு வேலையை எனக்கு யாரும்
சொல்லித்தர வேண்டாம்.
ஒரு முழம் வெளியே, கால் முழம் கீழே,
இடப்பக்கம், இன்னும், நிறுத்து.
வாழைக்காயை நசுக்கிப் பொரித்துத் தந்தாள்.
உப்பு தூக்கல். ஐந்து தின்றேன்.

டிசம்பர். இன்று தூறல்.
கண் விழிக்கும் முன்பே தெரிந்துவிட்டது,
இன்றைக்கு ஒன்றும் இருக்காது.
ஆனாலும் மேசையின் விளிம்பு
ஒரு விரல் அகலம் வெளுத்திருந்தது.
எட்டிப் பார்த்தேன்.

மேலே ஒற்றை விரிப்பு,
சொட்டச் சொட்ட.

இந்த மழையில் காயாது என்று
துணி வெளுப்பவளுக்கா தெரியாது?