அறையின்ர சத்தம்

இரண்டு நாளுக்குப் பதினையாயிரம்.
சிவப்புச் சீமெந்து நிலத்தோடை
இப்பிடி ஒரு குசினி கோண்டாவிலிலை
வேறை எங்கையும் கிடைக்கேல்லையாம்.
ஓமெண்டன்.
பிரிஞ்சு போற புருசன் பெண்சாதியின்ர படமெண்டு
காசு தந்தாப் பிறகுதான் சொன்னவை.

இயக்குநர் கஜரூபன்.
தாடி இன்னும் ஒழுங்கா முளைக்கேல்லை.
பதினாலாங் காட்சியிலை பெண்சாதி பீங்கான் எறியோணும்.
எறிஞ்சா.
ஆறிலை அஞ்சு உடைஞ்சுது,
ஒண்டு உருண்டு வந்து
என்ர காலடியிலை சுத்திப் படுத்தது.
"அக்கா, உண்மை மாதிரி இருக்கோ?"
ஆரிட்டைக் கேக்கிறனெண்டு தெரியாமலே கேட்டான்.

என்ர வீட்டிலை ஒண்டும் உடையேல்லை, தம்பி.
அண்டைக்குப் பின்னேரம் அவர்
மோட்டரைப் போட்டுத் தண்ணித் தாங்கியை நிரப்பினார்.
காஸ் இன்னும் பத்து நாளைக்குக் காணுமெண்டார்.
கரண்ட் பில்லுக்குத் தன்ர பங்கை எண்ணி
மேசையிலை வைச்சு
காத்துக்குப் பறக்காமல்
உப்புப் போத்தலை மேலை வைச்சார்.
ஹெல்மெட் இரண்டு கிடந்தது.
இரண்டையும் பாத்துக்கொண்டு நிண்டுபோட்டு
ஒண்டை எடுத்தார்.

நான் அப்ப
மா ரின்னின்ர மூடியைத் தேடிக்கொண்டு நிண்டன்.
நடிப்பில்லை. உண்மையாவே தேடினன்.
இண்டைவரைக்கும் கிடைக்கேல்லை.

இதிலை பாதியைத்தான் சொன்னன்.
போனிலை எழுதினான்.
"நல்லா இருக்கு அக்கா, சனத்துக்கு விளங்காது."
சரி, இதையாவது மாத்து எண்டன்.
உன்ர ஆள் வாசலிலை நிண்டு
"நான் போறன்" எண்டு சொல்லுது.
ஆர் அப்பிடிச் சொல்லுறது?
கோட்டுக்குப் போகப்போற மனுசனும்
படலையடியிலை
"போட்டு வாறன்" எண்டுதான் சொன்னது.
வாய்ப் பழக்கம்.
அதே பழக்கத்திலை நானும்
"ஓம், பாத்துப் போங்கோ" எண்டன்.

மத்தியானம் பின்படியிலை குந்தியிருந்து
ரோல்ஸ் சாப்பிட்டபடி
நடிச்ச பிள்ளை, சஞ்சுதா, கேட்டாள்:
"நீங்கள் அழவே இல்லையோ?"
அழுதனான், மூண்டு மாசம் கழிச்சு.
ரெண்டு முட்டை தாங்கோ எண்டு கேட்டன்.
கடைக்காரன் வழமை போலை நாலைக் கட்டினான்.

பொழுதுபட
ஒலி எடுக்கிற பெடியன் பிரிஜ்ஜை நிப்பாட்டச் சொன்னான்.
"இனி ஒரு நிமிசம் ஒருத்தரும் அசையாதேங்கோ.
அறையின்ர சத்தம் எடுக்கோணும்."
அறைக்குச் சத்தமிருக்கோ?
"ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொண்டு, அக்கா."

பதினொரு பேர் சுவரோடை சுவரா நிண்டம்.
குழாய் ஒருக்காச் சொட்டினது.
அடுத்த வளவிலை ஆரோ தேங்காய் துருவினது நிண்டுது.
பேந்து
யன்னல் கொக்கி, ஆற்றையோ மூச்சு,
அதுக்கும் கீழை
பதினொரு வரியமாய்
பிரிஜ்ஜின்ர இரைச்சலுக்குள்ளை
நாங்கள் இரண்டு பேரும் ஒளிச்சு வைச்சது.
பெடியன் கண்ணை மூடிக்கொண்டு
ஹெட்போனிலை அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.
எனக்கு வெக்கமாக் கிடந்தது.

போகேக்கை பிரிஜ்ஜைத் திரும்பப் போட மறந்திட்டினம்.
விடியப் பாத்தா
நிலமெல்லாம் தண்ணி, விளைமீன் நாறிப்போச்சு.
ஆரையும் ஏசேல்லை.
கொட்டிப்போட்டுத் துடைச்சன்.

படத்தை
திருநெல்வேலியிலை ஒரு மண்டபத்திலை காட்டினவை.
பீங்கான் உடைஞ்சுது. கை தட்டினம்.
அந்த ஒரு நிமிசத்துக்கு மேலை
வயலின் பூசியிருந்தது.

ஆனா வாசலிலை நிண்டு அந்த ஆள்
"போட்டு வாறன்" எண்டான்.
பின்வரிசையிலை இரண்டு மூண்டு பேர் சிரிச்சினம்.
எனக்குப் பக்கத்திலை இருந்த மனுசி,
ஆரெண்டு தெரியாது,
ஹாண்ட்பாக்கின்ர சிப்பை
இழுத்துத் திறந்தா,
மூடினா,
திறந்தா.