ஓடென்சேயிலிருந்து ஒரு படிவம்

கப்பலூர் சிட்கோ. மாலை நாலே கால்.
கரண்ட் போய் ஜெனரேட்டர் உறுமுகிறது.

டென்மார்க் மின்னஞ்சலின் முதல் பக்கத்தில் ஒரு படம்:
அவர்கள் நாட்டு வருமானம் மேலே,
புகை கீழே.
சுங்கச்சாவடி தாண்டித்
திருமங்கலத்துக்கும் ரிங்ரோட்டுக்கும் பிரிகிற மாதிரி
இரண்டு கோடுகள்.
பொறாமையாக இருந்தது, ஒளிப்பானேன்.

அடுத்த பக்கம் கேள்விகள்.
ஒரு ரப்பர் மிதியடிக்கு எத்தனை யூனிட்?
எத்தனை லிட்டர் டீசல்?
பாய்லரில் எரிப்பது என்ன?

ஒச்சப்பனைக் கூப்பிட்டேன்.
"சீமைக்கருவேல். இன்னைக்கி ரெண்டு வண்டி."
படிவத்துக்கு வண்டி தெரியாது.
கிலோ போட்டேன்.
விறகென்றால் கரி பூஜ்யம் என்று
தானே நிரப்பிக்கொண்டது.
கண்ணைக் கசக்கியபடி நின்றார் ஒச்சப்பன்.

போன மாதம் பதினெட்டாயிரம் மிதியடி.
தூத்துக்குடியில் கப்பலேறி
யார் வாசலிலோ பனி துடைக்கும்.
புகைக்கு யாரும் டிக்கெட் எடுப்பதில்லை.

அவர்கள் பொய் சொல்லவில்லை.
காற்றாலை உண்டு, தடித்த சுவர் உண்டு,
மழையிலும் சைக்கிள் மிதிக்கிறார்கள்.
இறங்கிய கோட்டில்
கொஞ்சம் அவர்கள் உழைப்பு,
கொஞ்சம் எங்கள் முகவரி.

நானும் யோக்கியமில்லை.
சித்திரை வெக்கையில் தவணைக்கு ஏசி வாங்கினேன்.
வில்லாபுரம் வீட்டில்
என் சம்பளமும் மீட்டரும்
இன்னும் கைகோத்தே ஏறுகின்றன.

கடைசிக் கட்டம்:
குறைக்க உங்கள் திட்டம் என்ன?
"ஏதாவது எழுதும்மா" என்றார் முதலாளி.
கூரையில் சோலார் என்று எழுதிவிட்டு
அண்ணாந்து பார்த்தேன்.
ஆஸ்பெஸ்டாஸ். ஐப்பசி மழையில் விரிந்த கீறல்.

தாங்குமா என்று பார்க்க
ஏணி எடுக்கப் போயிருக்கிறார் ஒச்சப்பன்.