நாலரை அங்குலம்

சுவர் மொத்தம் ஒன்பது அங்குலம்.
நாலரை எங்களுக்கு, நாலரை பிலோமினாவுக்கு
என்று கோர்ட்டில் எழுதிக்கொடுத்தார்கள்.
எந்த நாலரை என்று எழுதவில்லை.

ராயபுரத்துக் கடல்காற்றுக்கு வழக்கு தெரியாது.
இரண்டு பக்கமும் நக்கியது.
செங்கல் அப்படியே நிற்க
இடையில் இருந்த காரை மட்டும்
ஈறு கரைந்த மாதிரி உள்ளே போனது.
சாய்ந்து உட்கார்ந்தால்
சட்டை முதுகெல்லாம் மாவு.

தணிகாசலம் சிமெண்ட் வேண்டாம் என்றார்.
"பழைய கல்லு. கெட்டிச் சாந்து வச்சா
சாந்து நிக்கும், கல்லு உடையும்."
உளியைப் படுக்கவைத்து
முக்கால் அங்குல ஆழத்துக்குச் சுரண்டிக்கொண்டே போனார்.
ஒரு ஹேர்பின் வந்தது.
எட்டாக மடித்துச் செருகிய, எண் அழிந்த பஸ் டிக்கெட்.
எறும்பு முட்டை.
யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

ஐந்தாம் வரிசையில் உளி
கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது.
உருவியதும்
விரல் அகலத்துக்கு வெளிச்சம்,
நெத்திலி வறுக்கும் வாசனை,
பிறகு ஒரு கண்.
பதினோரு வருஷம் கழித்து முதல் பேச்சு:
"தூசி வருது."
"இன்னிக்கு முடிஞ்சிரும்" என்றேன்.
தணிகாசலம் திரும்பி நின்று
பீடி பற்றவைத்தார்.

சாயங்காலத்துக்குள்
எல்லாச் சந்திலும் சுண்ணாம்பை அழுத்தி முடித்தார்.
அந்த ஓட்டையைக் கடைசிக்கு வைத்திருந்தார்.
சுவர்மேல் ஈரக் கோணியைப் போட்டுவிட்டுக்
கூலியை எண்ணிக்கொண்டே சொன்னார்:
"ஏழு நாள் தண்ணி காட்டணும்.
போர் தண்ணி ஊத்திராதீங்க, உப்பு.
நல்ல தண்ணி."

நல்ல தண்ணி.
எங்கள் தெருவுக்கு லாரி வருவது
செவ்வாயும் வெள்ளியும்.
வீட்டுக்கு ஆறு குடம்.
அதில் தினம் அரைக் குடம் சுவர் குடித்தது.

நாலாம் நாள் லாரி வரவில்லை.
ஹார்பரில் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு
ராத்திரி பதினொன்றுக்கு வந்து,
வெடித்திருக்கும் என்றே நினைத்து
டார்ச் அடித்தேன்.

கோணி சொட்டிக்கொண்டிருந்தது.
உச்சியிலிருந்து
எங்கள் பக்கம் அடிவரைக்கும் ஈரம்.
அந்தப் பக்கம் விளக்கு அணைந்திருந்தது.

விரலால் தொட்டு
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
சுண்ணாம்பு சுட்டது.
உப்பு இல்லை.