இரண்டாவது நோட்டு

காலை ஆறு மணிக்கு
மூணாறு தலைப்பிலிருந்து லஸ்கர் மாரிசெல்வம் கூப்பிடுவார்.
வெண்ணாற்றில் இவ்வளவு, கோரையாற்றில் இவ்வளவு,
பாமணியில் இவ்வளவு.
நான் எழுதிக்கொள்வேன்.
நீடாமங்கலம் பிரிவு அலுவலகத்தில்
பதினொரு வருஷமாக
தண்ணீரை எண்ணாக்குவதுதான் என் வேலை.

இன்னொரு நோட்டு கைப்பையில் இருக்கிறது.
நாற்பது பக்கம், அட்டையில் மயில்.
செவ்வாய்: பதினேழு தடவை.
புதன்: பத்தொன்பது, அதில் ராத்திரி ஆறு.
வியாழன்: எண்ணவில்லை.
ஓரத்தில் பொடி எழுத்தில்: காப்பி.

எலும்புக்குப் பின்னால், அடிவயிற்றில்,
மிளகாய் அரைத்த கையைக் கழுவாமல்
யாரோ வைத்திருப்பது போல.
நிறைய நிறைய அழுத்துகிறது.
போய் வந்தால் பத்து நிமிஷம் விடுமுறை,
அப்புறம் மறுபடி அந்தக் கை.

அலுவலகத்தில் ஒரே கழிப்பறை.
சாவி உதவிப் பொறியாளர் மேசையில்.
நல்ல மனிதர், தலை தூக்கமாட்டார்.
ஏழாவது தடவை தூக்கினார்.
"சுகர் பாருங்கம்மா."
பார்த்தேன், இல்லை.
மன்னார்குடியில் மூன்று கல்ச்சர்.
இல்லாத கிருமிக்கு ஏழு நாள் மாத்திரை,
அது கேட்காததற்கு இன்னும் ஏழு நாள்.
"கல்யாணமானா சரியாயிடும்" என்றார் டாக்டர்.
ஆகி ஒன்பது வருஷம் என்றேன்.
"அப்ப கொழந்தை பொறந்தா" என்றார்.

ரயில்வே கேட் மூடியிருக்க,
கூட்ஸ் எஞ்சின் முன்னும் பின்னும் போய் வர,
பஸ்ஸுக்குள் நாற்பது நிமிஷம்
கம்பியைப் பிடித்தபடி நின்றிருக்கிறேன்.
என் முகத்தைப் பார்த்து
ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள்.
உட்கார்ந்தால் இன்னும் வலிக்கும் என்று
அவளிடம் எப்படிச் சொல்ல.

ஜனவரி கடைசியில் மேட்டூரை மூடிவிட்டார்கள்.
பதிவேட்டில் இல்லை, இல்லை, இல்லை
என்று எழுதிக்கொண்டிருந்த ஒரு மார்ச் மதியம்
மயில் நோட்டை மேசையில் விரித்தேன்.
தலைக்குக் குளித்த நாட்களைச்
சிவப்பு மையில் சுழித்தேன், பத்து மாதத்துக்கும்.

சிவப்புக்கு எட்டு நாள் முன்பே எண் ஏறுகிறது.
முந்தின இரண்டு நாள் கரை தட்டுகிறது.
உதிரம் கண்ட மறுநாளோ அதற்கு மறுநாளோ
சடாரென்று விழுகிறது.
பிறகு பத்துப் பன்னிரண்டு நாள்
மனுஷியாக இருக்கலாம்.
நடுவில் ஒரே ஒரு நாள் சின்னத் துள்ளல்.
"காரணமில்லை" என்று எழுதியிருந்தேன்.
அடித்துவிட்டு எழுதினேன்: முட்டை வெளிவரும் நாள்.

புளியை விட்டேன், தக்காளியை விட்டேன்,
கலியமூர்த்தியோடு போட்ட சண்டைகளைக்கூட
ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன்.
இப்போது காப்பிமேல் போட்ட வழக்கு
பாதி தள்ளுபடி.
பத்தாம் நாள் குடித்தது ஒன்றும் செய்யவில்லை,
இருபத்தைந்தாம் நாள் குடித்தது கொன்றது.
ஒரே டிகாக்‌ஷன், ஒரே டம்ளர்.
வாங்கிக்கொள்ளும் உடம்புதான் வேறு.

தஞ்சாவூரில் நர்ஸ் பெயரைக் கூப்பிட்டாள்: தையல்நாயகி.
எந்த நோயும் அண்டாதிருக்க
வைத்தீஸ்வரன் கோயிலில் வேண்டிக்கொண்டு வைத்த பெயர்.
அந்த டாக்டரம்மா நோட்டைப் புரட்டினாள்,
நான்கு நிமிஷம் பேசவில்லை.
"யார் எழுதச் சொன்னா?"
"யாருமில்ல. ஆபீஸ் பழக்கம்."
கீழே ஜெராக்ஸ் எடுத்து வரச் சொன்னாள்,
எல்லாப் பக்கமும்.
வலிக்கு ஒரு பெயரும்
மாதத்தில் பாதி நாளுக்கு ஒரு மாத்திரையும் கொடுத்தாள்.
போய்விடும் என்று சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் அந்தக் கழிப்பறைச் சாவிக்கு
நகல் ஒன்று போட்டுக்கொண்டேன்.
யாரிடமும் கேட்கவில்லை.

ஜூனில், இருபத்தாறாம் நாள்,
உள்ளே இருந்தபோது போன் அடித்தது.
"தண்ணி தலைப்புக்கு வந்துடுச்சும்மா, எழுதிக்கிறீங்களா?"
பின்னால் பத்துப் பேர் சத்தம், யாரோ விசிலடித்தார்கள்.
சுவரில் கை ஊன்றிக்கொண்டு சொன்னேன்:
"பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடுங்க."
பதினொரு வருஷத்தில் முதல் தடவை.
"சரிம்மா" என்றார் மாரிசெல்வம். "நிக்கிறேன்."